நடுவில் ஒரு சாண்

எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றுச் சுவருக்கும் வேப்ப மரத்துக்கும் இடையே ஒரு சவுக்குக் கம்பு கட்டப்பட்டிருக்கிறது. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கம்பி உண்டு, நைலான் கயிறும் உண்டு. ஆனாலும் அம்மா தன் புடவைகளை இந்தக் கம்பில்தான் போடுவாள். இதன் ஒரு முனை என் மணிக்கட்டைவிடத் தடிமன். மறுமுனை மெலிந்து போயிருக்கும். இரண்டு முனைகளையும் ஒரே உயரத்தில் கட்டியிருந்தாலும் நடுவில் கம்பு தாழ்ந்திருக்கும். துணி எதுவும் இல்லாதபோதும் அப்படித்தான். காலையில் கடல் பக்கமிருந்து காற்று வரும்போது ஈரப் புடவைகள் வழுக்கிக்கொண்டு வந்து நடுவில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால், வெளுத்த வெளிச்சத்தில், யாரோ கைகளை விரித்தபடி எதற்கோ காத்து நிற்பதுபோல் இருக்கும். இந்தக் கம்பு ஒரு காலத்தில் ஏரிக்குள் நின்ற கோல் போஸ்ட்டின் மேல்கம்பு. அதன் கீழே நின்றவள் என் அண்ணி.

அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்குள் வந்த நாளை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய கை. வாசலில் ஆரத்தி எடுத்து முடித்ததும் வலது காலை உள்ளே வைத்தாள். அதற்கு முந்தைய நொடியில் கையைத் தூக்கி நிலையின் மேல்கட்டையை நடுவில் விரல் நுனியால் தொட்டாள். உயரமான பெண், எக்கவேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்களிடம் அம்மா பெருமையாகச் சொன்னாள்: "பாத்தியா, நெலைய தொட்டுக் கும்புட்டுகினு வருது பொண்ணு." திருப்போரூர்ச் சொந்தங்களிடையே அந்த ஒரு தொடுதலில் அண்ணிக்கு நல்ல பெயர் வந்துவிட்டது. சில வாரங்கள் கழித்து, கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள். "அது கும்புடல பாப்பா. கோல்ல நின்னு நின்னு வந்த பயக்கம். எங்கப் போய் நின்னாலும் மேல எவ்ளோ உயரம் கீதுன்னு கை தானா போவுது. அத்தை கிட்ட சொல்லிடாத. வந்த பேரு வந்ததாவே இருக்கட்டும்."

எங்கள் குடும்பம் நெல் பயிரிட்ட குடும்பம். அப்பா இறந்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அண்ணன் வேன் ஓட்டப் போனான். சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேலை. ஒருமுறை பெண்கள் கால்பந்து அணி ஒன்றை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போனான். திரும்பி வந்த மறுநாள் அம்மாவிடம், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் போய்ப் பெண் கேட்கச் சொன்னான். அண்ணி அப்போது படூரில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, சிறுசேரியில் ஓர் அலுவலக வாசலில் வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் வேலையில் இருந்தாள்.

நான் சென்னையில் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பகுதியில் வேலை பார்த்தேன். மைதானத்துக்குப் போகும் வேலை அல்ல. வருகிற செய்தியைப் பக்கத்துக்குத் தகுந்தபடி வெட்டும் வேலை. பெண்களுக்கென்று தேசிய அளவில் கால்பந்து லீக் தொடங்கிய புதிதில் அதன் செய்தி நான்கு வரி வரும். கிரிக்கெட் ஸ்கோர் நீண்டால் முதலில் பறிபோவது அந்த நான்கு வரிதான். ஆரம்பத்தில் எல்லா அணிகளையும் ஒரே ஊரில் கூட்டி, சில வாரங்களில் ஆடி முடித்து, அவரவர் ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவார்கள். பிறகு ஊர் ஊராகப் போய் ஆடும் முறை வந்தது. அதற்குப் பிறகு இரண்டாம் பிரிவு ஒன்று வந்தது. மாநில லீக்கில் முதலாவதாக வரும் அணி அந்த இரண்டாம் பிரிவில் ஆடலாம் என்றார்கள். நான்கு வரி எட்டு வரியானது. சில நாள் தபால்தலை அளவில் ஒரு படமும் வந்தது. ஒரு லீக் வளர்வதை நான் முதலில் கண்டது அந்த வரிகளின் நீளத்தில்தான். காலையில் பேப்பர் விழுந்ததும் அண்ணி கடைசிக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பிக் கீழ் மூலையைத் தேடுவாள். "இன்னிக்கி எத்தினி வரி பாப்பா?" "ஆறு." "நேத்து எட்டு வந்துச்சே. ரெண்ட நீ முழுங்கிட்டியா?"

அவள் ஆடிய அணியை நடத்தியவர் திருப்போரூரில் மனை விற்கும் ஒருவர். அணிக்குச் செயலாளரும் அவர்தான். பெண்களின் பனியனில் முதுகுப் பக்கம் எண்ணுக்குக் கீழே அவருடைய மனைப்பிரிவின் விளம்பரம் இருக்கும். யாரிடம் எதைப் பேசினாலும் மனை விற்பதுபோலவே பேசுவார். "இந்த வருசம் சான்சு கார்னர் மனை மாதிரி கீப்பரு. இப்ப வுட்டா அப்பறம் கெடைக்காது." உடனே பின்னாலிருந்து யாராவது ஒருத்தி கேட்பாள், "பட்டா இருக்கா அண்ணாத்த?" அவரும் சிரிப்பார்.

ஆட இடம் என்று அவர்களுக்கு இருந்தது ஓர் ஏரி. தை போய் மாசி வந்தால் தண்ணீர் வற்றி, கரைக்குப் பக்கத்தில் ஏரியின் தரை தெரிய ஆரம்பிக்கும். காய்ந்ததும் வண்டல் மண் இறுகி, நல்ல மைதானம்போல் ஆகிவிடும். செயலாளர் மனை போடுவதற்காக ஒரு சவுக்குத் தோப்பை வெட்டியபோது நான்கு கம்புகளைத் தூணாகவும் இரண்டைக் குறுக்காகவும் வைத்து இரண்டு கோல் போஸ்ட் அடித்துக் கொடுத்திருந்தார். அண்ணி கல்லூரியில் படித்த காலத்தில் நட்டவை. அப்போது பச்சை மரம், நூல் பிடித்ததுபோல் நேராக இருந்ததாம். பனி கலையாத காலை நேரத்தில் நான் பஸ்ஸுக்குப் போகும்போது, ஏரிக்கரை மேலிருந்து பார்த்தால் பெண்கள் தெரியமாட்டார்கள். பந்து அடிபடும் சத்தமும், "வுடு, வுடு", "எனக்கு, எனக்கு" என்ற குரல்களும் மட்டும் வெள்ளையான அந்தப் பரப்புக்குள்ளிருந்து வரும். பிறகு பனிக்கு மேலே முதலில் தெரிவது மேல்கம்பு. அதன் நடுவில், குதித்துத் தொடும் ஒரு கை.

ஐப்பசியில் மழை பிடித்தால் ஏரி நிரம்பிவிடும். கோல் போஸ்ட்டை யாரும் பிடுங்குவதில்லை. தண்ணீருக்கு நடுவே அது முக்கால்வாசி மூழ்கி நிற்கும். மேலே நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து சிறகு காயவைக்கும். காற்றில்லாத நாளில் கம்பின் நிழல் தண்ணீரில் அப்படியே விழும். இரண்டு ஓரங்களிலும் கம்பும் நிழலும் விலகியிருக்கும். நடுவில் நெருங்கி வந்திருக்கும். பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று நினைத்ததற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

ஏரி நிரம்பிய மாதங்களில் அவர்கள் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைக்குப் போய்விடுவார்கள். விடுமுறை நாட்களில் நானும் வேனில் போவேன். அலை இறங்கிய ஈர மணலில் ஓடினால் காலடி ஒரு நொடி பளபளத்து மறையும். பந்து கடலுக்குள் போனால் வலை காயப்போடுகிறவர்கள் யாராவது இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எடுத்து வீசுவார்கள். "பொண்ணுங்களா, மீன் பிடிக்க வந்தீங்களா பந்து பிடிக்க வந்தீங்களா?" என்பார்கள். கோலுக்கு அடையாளம் இரண்டு செருப்பு. கடற்கரையில் மேல்கம்பே கிடையாது. மேலே இருப்பதெல்லாம் வானம். அண்ணி அங்கேயும் ஆட்டம் தொடங்குமுன் கையைத் தூக்குவாள். தொட ஒன்றுமில்லாமல் கை கீழே வரும். அதைப் பார்த்து மற்றவர்கள் கேலி செய்வார்கள். "கீப்பரக்கா வானத்துக்கு வெள்ளையடிக்குது."

குழந்தை பிறந்து, பால் மறந்து, நடக்க ஆரம்பித்த பிறகு அண்ணி அம்மாவிடம் வந்து நின்றாள். மறுபடி ஆடப் போகவேண்டும் என்றாள். அண்ணன் அரிசி மூட்டையை நகர்த்துவதுபோல் பாவனை செய்துகொண்டு பக்கத்திலேயே இருந்தான். வீட்டில் அம்மா சொல்வதுதான் முடிவு. அம்மா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எதுக்கு ஆடணும்? டப்பு வருதா?" என்று கேட்டாள்.

"வராது அத்தை. நாடு முழுக்க ஒரு லீக்கு நடக்குது. அதுல ஒரு தபா கோல்ல நிக்கணும். நின்னுட்டா போதும்."

"ஒரு வருசம். புள்ளைய நான் பாத்துக்கறேன். அந்தப் பெரிய ஆட்டத்துக்குப் போனீன்னா போ, நான் குறுக்க வர மாட்டேன். இல்லன்னா வூட்டோட இருக்கணும். அப்பறம் வந்து நிக்கக் கூடாது."

"சரி அத்தை."

அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டின் வழக்கமே மாறியிருந்தது. இருட்டு விலகுமுன் அண்ணி கிளம்பிவிடுவாள். நாஸ்தாவுக்கு மாவு ஊற்றுவது அம்மா. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "உங்கம்மா இன்னும் பந்து பொறுக்கிகினு கீறா" என்று அதனிடம் குறைப்பட்டுக்கொள்வாள். ஆனால் அணி ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும் தெருவில் அதைச் சொல்வது அம்மாதான். கடைசி ஆட்டம் செங்கல்பட்டில் என்று தெரிந்தபோது நிலைமை இதுதான்: சமனில் முடிந்தால்கூட அணி மாநில லீக்கில் முதலிடம். இரண்டாம் பிரிவுக்குப் போய்விடும். தோற்றால் எதிரில் ஆடும் தெற்கு மாவட்ட அணி போகும்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஆவணி மாதத்துப் பிற்பகல்; கொளவாய் ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று. வெள்ளையடித்த இரும்புக் கம்பங்கள், புது வலை. அண்ணி கோலுக்குப் போனதும் இடது கம்பத்தின் ஓரத்தில் நின்று மேல்கம்பத்தைக் குதித்துத் தொட்டாள். ஓரத்தில் மட்டும் தொட்டாள் என்பதை நான் கவனித்தேன். நடுவில் அப்போது கேமராக்காரர் ஒருவர் வலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் நகர்வதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

ஆட்டம் கோல் இல்லாமல் நகர்ந்தது. முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருக்கும்போது எதிரணிப் பெண் ஒருத்தி நடுக்கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கமிருந்து, வேறு வழி தெரியாமல், பந்தை ஓங்கி உதைத்தாள். பந்து மிக உயரமாகப் போனது. அந்த நேரத்தில் மைதானத்தில் சத்தமே இல்லாததுபோல் எனக்கு நினைவு; இருந்திருக்கும். பந்து காற்றில் கொஞ்சம் தயங்கி, பிறகு கோலை நோக்கி இறங்கியது. அண்ணி சரியாக அதன் கீழே வந்து நின்றாள். கைகளைத் தூக்கினாள். பிறகு தாழ்த்தினாள். பந்து மேலே போகிறது, விட்டுவிடுங்கள் என்று கீப்பர்கள் தங்கள் அணிக்குக் காட்டும் சைகை அது. பதற்றமில்லாமல், யாரையோ உட்காரச் சொல்வதுபோல் கைகள் கீழே வந்தன. பந்து மேல்கம்பத்துக்கு அடியில், சரியாக நடுவில் புகுந்து, வலையைப் பின்னுக்குத் தள்ளி, மெதுவாகத் தரையில் விழுந்தது. அண்ணி திரும்பி அண்ணாந்து மேல்கம்பத்தைப் பார்த்தாள். பந்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு கோலில் தோற்று வேனில் திரும்பினோம். செயலாளர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "வெயிலு கண்ணுல பட்டுடுச்சின்னு பேப்பர்ல போட்டுரு பாப்பா" என்றார். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "வெயிலு எனக்குப் பின்னால இருந்துச்சி அண்ணாத்த" என்றாள். திருப்போரூர் கோபுரம் தெரிய ஆரம்பித்த பிறகு என் பக்கம் திரும்பினாள். "நம்ம ஏரி கோலா இருந்தா அது மேல போயிருக்கும் பாப்பா. ஒரு சாண் மேல போயிருக்கும்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பச்சையாக நட்ட கம்பு காய்ந்து காய்ந்து, பெண்கள் அதில் தொங்கித் தொங்கி, வருடக்கணக்கில் நடுவில் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தினமும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியவில்லை. அண்ணியின் கைக்கு மட்டும் அது பழகிப் போயிருந்தது. வேறு மைதானங்களிலும் இரும்புக் கம்பத்தின் கீழ் அவள் ஆடியவள்தான். ஆனால் தாழ்ந்த கம்புக்கு மேலாகவும் நேர்க் கம்பத்துக்குக் கீழாகவும், அந்த ஒரு சாண் இடைவெளியில், நடுவில் ஒரு பந்து வந்தது அன்றைக்குத்தான். மறுநாள் எங்கள் பேப்பரில் நான்கு வரி வந்தது. அதில் 'கோல்கீப்பரின் கணிப்புத் தவறால்' என்று இருந்தது. எழுதியது வேறொருவர், வெட்ட என் கைக்கு வரவில்லை. அண்ணி படித்துவிட்டு, "சரியாத்தான் போட்டுகிறாங்க" என்று மடித்து வைத்தாள்.

அவளுடைய வருடம் முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். செயலாளர் தன் மனைப்பிரிவில் போர் போட்டபோது மிச்சமான இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்திருந்தார். மேல்கம்புகளை அவிழ்த்துவிட்டுக் குழாய்களைப் பூட்டினார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றிய ட்யூப்பை வைத்து மட்டம் பார்த்தது அண்ணி. "நான் வராட்டியும் மத்ததுங்க வருமில்ல. இன்னொருத்தி ஏன் ஏமாறணும்?" என்றாளாம். ஒரு கம்பு உளுத்துப் போயிருந்தது; அதை அங்கேயே போட்டுவிட்டார்கள். அண்ணி நின்ற பக்கத்துக் கம்பை வேன் மேல் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனி வேன் தலையில் சவுக்குக் கம்போடு தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர், "இன்னாப்பா, பந்தலா?" என்று கேட்டார். அண்ணன் அதைக் கிணற்றுச் சுவருக்கும் வேப்ப மரத்துக்கும் இடையே கட்டினான்.

மறுநாள் காலை அம்மா அதில் துணி போட்டாள். ஒரு புடவை, அண்ணனின் சட்டைகள், குழந்தையின் துணிகள். எல்லாம் நகர்ந்து நடுவுக்கு வந்து, புடவையின் ஓரம் தரையைத் தொட்டது. அம்மா தள்ளிவிட்டாள், மறுபடி வந்தது.

"இன்னாடி இது, எல்லாம் நடுவுல வந்து குந்திக்குது?"

"அது அப்டித்தான் அத்தை. நடுவுல எறங்கிடுச்சி."

அம்மா வயலில் வரப்புக்குக் கயிறு பிடித்தவள். துணியை எடுத்துவிட்டு நைலான் கயிற்றைக் கொண்டுவந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விறைப்பாகக் கட்டினாள். நடுவில் கயிறு மேலே, கம்பு கீழே. இரண்டுக்கும் இடையே விரலை விரித்து வைத்தாள். கட்டைவிரல் கம்பில்; சுண்டுவிரல் கயிற்றில்.

"அன்னிக்கி பந்து எங்க பூந்துச்சி?"

அண்ணி அம்மாவின் உள்ளங்கையைக் காட்டினாள். "இங்க."

அம்மா கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். வேப்பம்பழம் ஒன்று கிணற்று மேடையில் விழுந்தது. "இதே கம்புக்குக் கீழதான் தெனம் நின்னியா?"

"ஆமா."

"அப்ப உன் கண்ணு சரியாத்தான் பாத்துகீது. கம்புதான் கோண."

"விசில் ஊதற ரெப்ரிக்கு அது தெரியாதே அத்தை."

"அவனுக்குத் தெரியாட்டி போவுது. எனக்குத் தெரியுது. கோணக் கம்ப வச்சிகினு ஆடுனது இன்னா வருசம்? நான் சொன்னது நேர் கம்புல ஒரு வருசம். அது இனிமேத்தான் ஆரம்பம்." கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே உள்ளே போனாள். போகிறபோது, "புள்ள முழிச்சிடும், கெளம்பறதுன்னா சீக்கிரம் கெளம்பு" என்றாள். அண்ணி கம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். பிறகு பையைத் தேடிப் போனாள்.

அடுத்த வருடம் அணி முதலிடம் வந்தது. இரண்டாம் பிரிவின் முதல் ஆட்டம் எங்கோ வடகிழக்கு மலைப் பக்கம் ஓர் ஊரில். வீட்டில் யாரும் போகவில்லை. கிணற்று மேடையில் என் போனைச் சுவரில் சாய்த்து வைத்து நேரலை பார்த்தோம். அண்ணன், அம்மா, குழந்தை, நான். கம்பில் துணி காய்ந்துகொண்டிருந்தது. படம் நின்று நின்று வந்தது. பச்சை மலைகள், கீழே இறங்கி வரும் மேகம், அதற்குள் எங்கள் திருப்போரூர் மனைப்பிரிவின் விளம்பரத்தை முதுகில் சுமந்த பெண்கள். விசிலுக்கு முன் அண்ணி கோலின் நடுவுக்கு வந்தாள். குதித்து மேல்கம்பத்தை நடுவில் தொட்டாள். இரண்டு முறை தொட்டாள். அம்மா பக்கத்திலிருந்த குழந்தையிடம், "பாரு, உங்கம்மா நெலைய தொட்டுக் கும்புடுது" என்றாள். தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து உயரமாக வந்தது. நடுவில். படம் சரியாக அந்த இடத்தில் உறைந்துவிட்டது. மேகமும் வெள்ளைக் கம்பமும், எக்கிய உடம்பும், விரிந்த விரல்களும். நாங்கள் நால்வரும் அசையாத அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி ஓடியபோது பந்து கம்பத்துக்கு மேலே, பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. அண்ணி விரல் நுனியால் தட்டிவிட்டிருந்தாள்.

அம்மா எழுந்து புடவையைத் திருப்பிப் போட்டாள். "இது நம்ம கம்பா இருந்தா வுட்டிருப்பா" என்றாள்.

இப்போது அண்ணி கேரளத்தில் இருக்கிறாள். அங்கே ஓர் அணி அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறது. அண்ணன் அதே அணிக்கு வேன் ஓட்டுகிறான். குழந்தை அங்கே பள்ளிக்குப் போகிறது. லீக் செய்தி எங்கள் பேப்பரில் சில நாள் கால் பக்கம் வருகிறது. வெட்டும்போது கை கொஞ்சம் தயங்கும். ஆனாலும் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் தண்ணீருக்கு மேலே இரும்புக் குழாய் தெரியும். நீர்க்காகங்கள் வருகின்றன. குழாயும் அதன் நிழலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இடைவெளியில் நேராக ஓடுகின்றன.

கம்பின் மெலிந்த முனையில் இப்போது கரையான் ஏறியிருக்கிறது. எடுத்துவிடலாம் என்றேன். "உனக்கு இன்னா பேஜாரு அதால?" என்று அம்மா கேட்டாள். இன்று காலை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஈரப் புடவையை நடுவிலிருந்து இழுத்து ஓரத்துக்குத் தள்ளினாள். கையை எடுத்ததும் அது காற்றில் அசைந்து, மெதுவாக, மறுபடி நடுவுக்கு வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.